எழுப்பாமல் விட்ட யானை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், வெறும் நலம் என்று எழுதினால் போதாது, இந்த வாரம் முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை, காரணம் உனக்கே தெரியும். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஞாயிற்றுக்கிழமை நீ வாங்கிய அடி ஆறியிருக்கும் என்றும் நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்கு இந்த மனிதர் கடிதம் எழுதுகிறார் என்று கேட்பாய், போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ நாலு வரி பேசிவிடுவாய், கடிதத்தில் உன்னால் குறுக்கே வர முடியாது. இன்னொரு காரணமும் உண்டு, இந்தக் கையெழுத்தைப் பார், கட்டுப் போட்டிருந்த அதே வலது கைதான், ஒரு எழுத்தாவது கோணியிருக்கிறதா சொல். மாப்பிள்ளைக்கும் உரக்க வாசித்துக் காட்டு, அவருக்கு நம் சீட்டு விளையாட்டு தெரியாது என்பதால் எல்லாவற்றையும் முதலிலிருந்தே எழுதுகிறேன், உனக்குத் தெரிந்த சங்கதிகளும் வரும், ஜெயித்தவன் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சலவைக் கடையில் மேல் கம்பியில் ஒரு கோட்டை மாட்டப் போய் நான் ஸ்டூலோடு சரிந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன் அல்லவா, அன்றைக்கே நீ ஆரம்பித்துவிட்டாய். "அந்தக் கடையும் வேணாம், அந்த ஸ்டூலும் வேணாம், மூடிட்டு ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க" என்று ஒற்றைக் காலில் நின்றாய். அன்பினால் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் நீ அதைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் நேற்றுத் தேய்த்த சட்டைகளின் வாசனை முகத்தில் அடிக்குமே, அது இல்லாமல் உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன். கை கட்டில் இருந்தபோது இவர் சும்மா இருக்க மாட்டார் என்று என் போனில் இந்தச் சீட்டு விளையாட்டை ஏற்றிவிட்டதும் நீதான், இடது கையால் விளையாடலாம் என்றாய். நீ அங்கேயும் நான் இங்கேயுமாகப் போனில் பேசிக்கொண்டே விளையாடினோம், ஞாயிறுதோறும் நான் மண்ணைக் கவ்வினேன், ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. கடைசியில் வாக்குவாதம் முற்றிப் போய், "ஒரே ஒரு தடவ என்னைய ஜெயிச்சுக் காட்டுங்கப்பா, அப்புறம் நான் கடையப் பத்தி வாயே திறக்க மாட்டேன்" என்று நீ சொல்ல, நானும் சும்மா இராமல், அடுத்த ஞாயிறு தோற்றால் சாவியைக் கடை உரிமையாளரிடம் கொடுத்துவிடுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை, இனிமேல் கவனமாகக் கேளுங்கள். இந்த விளையாட்டில் ஆளுக்கு ஒரு கட்டு அட்டை, அதிலிருந்து எடுத்து முன்வரிசையில் நிறுத்தி மாறி மாறி அடிக்க வேண்டும், நிறுத்த அட்டை இல்லாமல் போனவர் தோற்றார். அடி மட்டும் என்றால் குழந்தைகூட விளையாடிவிடும். அடியோடு எதிராளியின் அட்டைமேல் ஏற்றிவிடும் சங்கடங்கள் இருக்கின்றன, அதற்கு ஸ்டேட்டஸ் எஃபெக்ட் என்று பெயராம், நான் பீடை என்றுதான் சொல்வேன். விஷம் ஏறிய அட்டை முறைக்கு முறை கொஞ்சம் உயிரை இழக்கும், மேலும் மேலும் ஏற்றினால் இழப்பும் கூடும், அது தானாக இறங்காது. தீப்பிடித்த அட்டையின் அடி பாதியாகிவிடும், ஆனால் கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். தூக்கம் பிடித்த அட்டை அடிக்காது, அதுவும் சில முறை கழித்துத் தானே விழித்துக்கொள்ளும். உறைந்து போவதுதான் பயங்கரம், உறைந்த அட்டைமேல் ஒரு தட்டு விழுந்தாலும் போதும், எவ்வளவு உயிர் இருந்தாலும் கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடும். எந்தப் பீடையையும் நீக்க ஒரு மருந்து அட்டை உண்டு, ஆட்டத்துக்கு ஒன்றே ஒன்று, போட்டால் போனதுதான்.

இங்கேதான் என் தொழில் எனக்குக் குழி பறித்தது. ஆயுள் முழுக்கக் கறையோடு பழகியவன் நான், துணியில் கறை விழுந்தால் காய்வதற்குள் கை வைத்துவிட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அது நூலோடு நூலாகிவிடும். அந்தப் பழக்கத்தில் என் அட்டையில் துளி விஷமோ கொட்டாவி அளவு தூக்கமோ வந்தாலே எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது, உடனே மருந்தைப் போட்டுவிடுவேன். இதைத் தெரிந்துகொண்டு நீ ஒவ்வொரு வாரமும் முதலில் என் கட்டிலேயே பெரிய அட்டையான யானையைத் தூங்க வைப்பாய், நான் மருந்து போட்டு எழுப்புவேன், அப்புறம் சாவகாசமாக உன் பனிராணி வந்து யானையை உறைய வைத்து ஒரே தட்டில் பொடியாக்குவாள், என் கையில் மருந்து இருக்காது. வெள்ளிக்கிழமை கடையில் நான் தனியாக உட்கார்ந்து போனோடு விளையாடிப் பழகிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் உன் அம்மா யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். யானை தூங்கியது, நான் பதறிக்கொண்டு மருந்தைத் தேடினேன். திரையை எட்டிப் பார்த்து, "தூங்கறத எதுக்கு எழுப்பறீங்க, யாரையும் நிம்மதியா தூங்க விடமாட்டீங்களே" என்றாள். எரிச்சலில் அப்படியே விட்டேன், சரி, அடி வாங்கித் தொலையட்டும் என்று. எதிர்ப்பக்கத்து அட்டை யானையை உறைய வைக்கப் பார்த்தது, பனி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அப்போதுதான் விதிகளைத் திரும்பப் படித்தேன், தூக்கமும் உறைவும் ஒரே அட்டையில் சேர்ந்து ஏறாது, ஒன்று இருந்தால் இன்னொன்றுக்கு இடமில்லை. முன்பும் படித்ததுதான், மண்டையில் ஏறவில்லை. உன் அம்மாவுக்கு இந்தப் பெருமையில் பங்கு உண்டா என்று கேட்டால் உண்டு, பாதி என்கிறாள் அவள், கால்வாசி என்கிறேன் நான், பேச்சுவார்த்தை நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கி, கறை எடுக்கும் மேசைமேல் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன், பக்கத்துக் கடையில் பூட்டு ரிப்பேர் பார்க்கும் சாவிக்காரரும் வந்து என் தோள்மேல் தாடையை வைக்காத குறையாக நின்றுகொண்டார். நான் முதலில் உன் கிளியின் வாலில் ஒரு சின்ன நெருப்பைப் பற்ற வைத்தேன், அது தானே அணைந்திருக்கும், கிளி செத்தா போய்விடும். நீ என்ன செய்தாய்? உடனே மருந்து அட்டையை எடுத்துப் போட்டாய்! என் ரத்தம் அல்லவா, அந்தப் பதற்றம் வேறு எங்கே போகும். அதன் பிறகு என் தேள் உன் ராணியை முறைக்கு முறை கொட்டியது, நீ கண்டுகொள்ளவில்லை, கண்டிருந்தாலும் உன் கையில் மருந்து ஏது, அவள் தலைக்குமேல் பச்சைக் குமிழி பெருத்துக்கொண்டே வந்தது. வழக்கம்போல யானையைத் தூங்க வைத்தாய். என் விரல் தன்னால் மருந்தை நோக்கிப் போனது, கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன், உண்மையாகவே தொடையில் அழுத்தி வைத்துக்கொண்டேன். அப்பா எப்படியும் எழுப்பியிருப்பார் என்று நீ பார்க்காமலே உறைபனியை ஏவினாய், அந்த வித்தை ராணிக்கு ஆட்டத்தில் ஒரே தடவைதான், அது வழுக்கிக்கொண்டு போனது, "ஐயையோ, அப்பா எழுப்பலையா" என்று நீ கத்தியது இந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். அப்புறம் வெறுங்கையால் யானையை அடி அடி என்று அடித்தாய், பாவம் குறட்டை விட்டபடியே எல்லா அடியையும் வாங்கிக்கொண்டது. விஷம் முற்றி ராணி சாய்ந்தாள், யானை தானாகக் கண்ணைத் திறந்தது, கிளியையும் மிச்சம் மீதியையும் ஒரே மிதி. சாவிக்காரர் போட்ட கூச்சலில் உன் அம்மா ஊசியைக் குத்திக்கொண்டாள். இன்று வரை கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கதைதான், துணியை வாங்கியும் போகாமல் நின்று கேட்கிறார்கள், கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன்.

ஆட்டம் முடிந்ததும் நீ சிரித்தாய், "நெஜமாவே ஜெயிச்சிட்டீங்கப்பா" என்றபோது உன் குரல் உடைந்தது. சீட்டுக்காக அழுகிறவள் இல்லை நீ, எனக்குத் தெரியாதா. நாங்கள் விழுந்தால் தூக்க நீ பக்கத்தில் இல்லையே என்ற பயம்தான் அது. கண்ணு, எனக்கும் உன்னை விட்டு இருப்பது லேசாக இல்லை, பல நாள் உன் பழைய அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்துகிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், என் மணிக்கட்டு உடைந்தது கிளி வாலில் பிடித்த நெருப்பு, அதற்கு நீ இருக்கிற ஒரே மருந்தையும் எடுத்துப் போடப் பார்த்தாய். அதைப் பத்திரமாக வைத்துக்கொள். நிஜமாகவே முடியாத காலம் எங்களுக்கு வரும், அன்றைக்கு வீறாப்புப் பண்ணாமல் நானே வாய்விட்டுக் கேட்பேன், இது சத்தியம். ஸ்டூலைக் கடாசிவிட்டேன், இரண்டு பக்கமும் பிடி வைத்த ஏணி வாங்கியாயிற்று, நான் ஏறும்போது அம்மா கீழே பிடித்துக்கொள்கிறாள், திட்டிக்கொண்டேதான் பிடிக்கிறாள்.

இப்போது முக்கியமான விஷயம். அடுத்த மாதம் நானும் அம்மாவும் உன் வீட்டுக்கு வருகிறோம், பெட்டிகூட இறக்கி வைத்துவிட்டாள். பதறாதே, சந்தோஷத்தில் கட்டிலும் வாங்கிவிடாதே. தங்க இல்லை, உன்னைக் கண்ணால் பார்க்க வருகிறோம், திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிட்டேன், கடை எந்தத் தேதியில் மறுபடி திறக்கும் என்று ஷட்டரில் பெரிய எழுத்தில் ஒட்டியும் விட்டேன். நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, எந்தப் பீடையும் அண்டாமல், நிறைந்து வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, வாக்குக் கொடுத்தது நினைவிருக்கட்டும்.

கடையைத் திறந்தே வைத்திருக்கும்
உன் அப்பா