பதினான்காம் தாள்

ஜூலை 3

அன்புள்ள வாயாடிக்கு,

நலம்தானே? பயிற்சிக் கல்லூரி விடுதியில் என் தலையணையை அபகரித்தவள், இப்போது ஒரு வரி எழுதக்கூட நேரமில்லாத பெரிய டீச்சராகிவிட்டாய். போகட்டும். வாசிப்புப் பயிற்சித் தாள்கள் இருபது அனுப்பியிருக்கிறேன். பத்தியும் கேள்வியும் நானே தயாரித்தவை. கேட்பவர்களுக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடு. இதுவரை முப்பது பள்ளிகளுக்குப் போயிருக்கிறது, எனக்குத் தலைகால் புரியவில்லை! பதினான்காம் தாளை மட்டும் விட்டுவிடாதே. கண் கலங்கிவிடும்.

உன் அக்கா

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

திங்கட்கிழமை பதினான்காம் தாளை எடுத்தேன். அப்பா வீட்டை விட்டுப் போகும் காலையில் ஒரு சிறுமி அவருடைய சட்டையை ஒளித்து வைக்கிறாளே, அந்தப் பத்தி. உங்கள் பள்ளியிலிருந்து இந்த வருடம் மாறி வந்த பெண்ணை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள்.

"ஏம்மா, வாசிக்கக் கஷ்டமா இருக்கா?"

"இல்ல டீச்சர். இது நான் எழுதினது."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. 'தந்தை ஏன் சென்றார்? இரண்டு வரிகளில் எழுதுக' என்ற உங்கள் முதல் கேள்வியை யாரோ உரக்க வாசித்துச் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

அவளிடம் கேட்டீர்களா, அக்கா?

உங்கள் வாயாடி

ஜூலை 24

வாயாடி,

கேட்கவில்லை. "மனசுல இருக்கிறத எழுதும்மா, நான் மட்டும்தான் படிப்பேன்" என்று சொன்னவளும் நான்தான். அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்துவிட்டேன். எல்லோருக்கும் அதைக் கிழித்துப்போடச் சொல்லி எழுதினேன். நகலுக்கு நகல் எங்கெங்கே போனதோ! அவளுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். கையில் கொடு, கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்ட பிறகு வந்தாள். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கும் கேள்வி இருக்கா டீச்சர்?"

இல்லை என்றேன். அப்படியும் வாங்க மறுத்துவிட்டாள். பிரிக்காமல் இத்துடன் அனுப்புகிறேன்.

இனி எனக்குத் தாள்கள் வேண்டாம். எழுப்பி வாசிக்கச் சொன்னது நான் என்பதும் மறக்கவில்லை. ஆனால் உங்கள் மேல் உள்ள கோபம் தணியவே மாட்டேன் என்கிறது.

காலாண்டுத் தேர்வில் 'என் குடும்பம்' கட்டுரை வந்தது. மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவள் எழுதியது ஒரே வரி.

'எங்கள் வீட்டில் எல்லோரும் நலம்.'

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு ஆசிரியை