ஆறு கதிரைக் கடை

என்ர அன்பானவளுக்கு,

சுகமாய் வந்து சேர்ந்தன். போனிலை சொன்னால் நீர் அழுவீர் எண்டுதான் எழுதுறன்.

நேற்றுப் பின்னேரம் மகள் நடத்துற பாருக்குப் போனன். டோக்கியோவிலை கோல்டன் காய் எண்ட பழைய இடம். ஒழுங்கையிலை ரெண்டு பேர் சேர்ந்து நடக்கேலாது. எங்கட எம்மன்புரூக்கே வீட்டுக் குசினியளவுதான் ஒவ்வொரு பாரும். அவளின்ரயிலை ஆறே ஆறு கதிரை.

அவளைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு உமக்குச் சொல்லிப்போட்டுத்தானே வந்தனான். படிப்பை விட்டிட்டு பார் நடத்துறாள் எண்ட கோவத்திலை ரெண்டு வருஷம் அவளோடை கதைக்காத ஆள் நான், என்னத்தைச் சொல்லிக் கூப்பிடுறது? வாசலிலையே நிண்டன். அவள் நிமிர்ந்து பார்த்து, ஜப்பான் மொழியிலை ஏதோ சொன்னாள். இருந்த ஆறு பேரும் எழும்பி மரியாதையாய்த் தலை குனிஞ்சினம். ஒரு வயசானவர் தன்ர கதிரையைத் தந்தார்.

"என்ன பிள்ளை சொன்னனீ?"

"என்ர அப்பா எண்டு சொன்னனான்."

பிறகு சனம் மாறி மாறி வந்துகொண்டே இருந்துது. கழுவின கிளாஸ் முடிஞ்சுது. தனியாளாய் அவள் தடுமாறுறதைப் பார்த்துக்கொண்டு இருக்கேலாமல், சேர்ட் கையை மடிச்சுக்கொண்டு உள்ளுக்குப் போனன். லுசேர்ன் ஹோட்டலிலை இருபது வருஷம் கழுவின கையெல்லோ.

"விடுங்கோ அப்பா, நீங்கள் இதைச் செய்யக்கூடாது."

"நீ மட்டும் செய்யலாமோ?"

"எனக்கு இது விருப்பமப்பா."

"அப்ப அந்தத் துணியைத் தா."

கடை பூட்டுமட்டும் கதைச்சுக்கொண்டே நிண்டம்.

ரிக்கெற்றை ஒரு கிழமை தள்ளிப் போட்டிட்டன். ஆனால் தனியத்தான் வருவன். கோயிலிலை ஆராவது மகள் எங்கை எண்டு கேட்டால், இன்னும் படிக்கிறாள் எண்டு இனிச் சொல்லாதேயும். டோக்கியோவிலை பார் நடத்துறாள் எண்டு சொல்லும்.

உம்மட மனிசன்