ஆள் இல்லாத மலைக்கு ஒரு போர்வை

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் இங்கே நலம். நீயும் அங்கே நலம் என்று ஒவ்வொரு தடவையும் போனில் சொல்கிறாய், அதை நம்பலாமா கூடாதா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனிலேயே கேட்டிருக்கலாம், ஆனால் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே உனக்கு அங்கே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து முழுவதும் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மட்டும், அவர் ஓட்டிய பழைய பஸ்ஸில் கியர் மாற்றினால் வருமே, அந்தச் சத்தம் வருகிறது. ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை, கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் தைக்கும்போது பிரேக் போடு, பிரேக் போடு என்று உயிரை வாங்குகிறார். தங்கைக்கு நூலகத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது, அன்றிலிருந்து வீட்டிலும் எங்களை மெதுவாகப் பேசச் சொல்கிறாள். பெரிய மிஷினுக்குப் புது மோட்டார் போட்டாயிற்று. கடை முன்பக்கம் இன்னும் ஒழுகுகிறது, கட்டடக்காரர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, 'ஆமாங்க, ஒழுகுது' என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி ஊர்ச் செய்தி, அதில்தான் நீ வருகிறாய்.

நம் தெருவுக்குப் புரட்சி வந்துவிட்டது. 'தொலைதூரப் பழங்குடி மக்கள் தோழமைக் குழு' என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். தலைவர், உனக்குப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்த மைக் மாமாதான், ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தால் கரண்ட் போகும் வரைக்கும் திருப்பித் தராதவர். செயலாளர் பல் டாக்டர். உறுப்பினர்கள் கொஞ்சம் பேர், பொறுப்பாளர்கள் நிறையப் பேர். நீ இருக்கும் நாட்டில் ஏதோ ஒரு மலையாம், அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிற ஜனங்களைக் கிளப்பிவிட்டு மலையைத் தோண்டப்போகிறார்களாம், அவர்கள் நகர மாட்டோம் என்று நிற்கிறார்களாம், நாம் துணை நிற்க வேண்டுமாம். விஷயம் நல்ல விஷயம்தான், அதில் எனக்கு ஒரு கேலியும் இல்லை, கேலியெல்லாம் ஆட்கள் மேல்தான். தோண்டப்போவது யார் தெரியுமா, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற கண்ணாடிக் கட்டடம், அதாவது உனக்கு வேலை கொடுத்த அதே கம்பெனி. கேட்டதும் எனக்குத் திக்கென்றது. பெரிய கம்பெனி, ஆயிரம் வேலை நடக்கும், தோண்டுகிறவன் வேறு, நம் பிள்ளை ரோடு போடுகிறவன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பேனர் தைக்க உட்கார்ந்தேன். 'பையன் சாப்பிடுற சோத்துக்கு எதிரா நீயே பேனர் தைக்கிறியா?' என்று அப்பா குதித்தார். வாசகம் அவர்களுடையது, என்னுடையது தையல் மட்டும்தான் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

பேனர் எழுத்து சிவப்பா பச்சையா என்பதிலேயே குழு உடைய இருந்தது. போராட்டம் என்றால் சிவப்பு என்றார் மைக் மாமா, காடு என்றால் பச்சை என்றார் பல் டாக்டர். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாமல் என் மூலமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள், நான் சலித்துப்போய்க் கையில் இருந்த நீலத்தில் வெட்டித் தைத்துவிட்டேன். இரண்டு பேருக்கும் பரம திருப்தி, மற்றவர் ஜெயிக்கவில்லையே. அப்புறம் மனிதச் சங்கிலி. கண்ணாடிக் கட்டடத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கைகோத்து நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. போட்டோக்காரர் நடுவில் போய் நின்றாரா, எல்லோரும் நடுவுக்கே வந்துவிட்டார்கள், இரண்டு பக்கமும் ஆளே இல்லை, நடுவில் மட்டும் நூல் சிக்கல் மாதிரி ஒரு கும்பல். பிறகு இரண்டு நிமிட மௌனம் என்று மைக் மாமா அறிவித்தார், மௌனம் எதற்கு, அதை எப்படிக் கடைப்பிடிக்க வேண்டும் என்று விளக்கியதிலேயே நேரம் போய்விட்டது. நானும் அந்தக் கும்பலில் நின்றேன். அப்பா எதிரே டீக்கடையில் நின்றுகொண்டு என்னை முன்பின் பார்த்திராதவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில் அந்த மலையிலிருந்தே ஒரு அம்மா நம் ஊருக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. கண்ணாடிக் கட்டடத்துப் பெரியவர்களை நேரில் பார்த்து நியாயம் கேட்கத்தான் வருகிறார், வந்த இடத்தில் நம் குழுவும் பேசக் கூப்பிட்டது. நூலக மாடியில் கூட்டம். அங்கே இருக்கிற நாற்காலி எல்லாம் அந்தக் கம்பெனி கொடுத்த அன்பளிப்பு, ஒவ்வொன்றின் முதுகிலும் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. கம்பெனியை எதிர்க்கிற கூட்டத்தில் கம்பெனி பெயரில் சாய்ந்து உட்கார்வது எப்படி என்று ஒரு மாலை முழுக்க விவாதம் நடந்தது. தரையில் உட்காரலாமே என்றேன், பல் டாக்டருக்கு இடுப்பு ஒத்துக்கொள்ளாதாம். 'துணியில உறை தைச்சு மாட்டிட்டா யாருக்கும் தெரியாதுங்க' என்று அவரே வழியும் சொன்னார். அத்தனை நாற்காலிக்கும் உட்கார்ந்து உறை தைத்தேன், பெரிய மனிதர்கள் உட்காருகிற நாற்காலி என்று மேடைக்கு மட்டும் சுருக்கு வைத்துத் தைக்கச் சொன்னார்கள்.

கூட்டத்தன்று மேடையில் தலைவர், செயலாளர், துணைத் தலைவர்கள், ஆலோசகர், முன்னாள் ஆலோசகர், அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர் என்று வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் விருந்தாளி அம்மாவின் படம், ஆள் உயரத்துக்கு. படத்துக்கு உரியவருக்கு நாற்காலியே இல்லை. படத்தில் அவர் மணிமாலையெல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறார், நேரில் கம்பளிச் சட்டையும் சேறு படிந்த பூட்ஸுமாக வந்தார், அதனால் பொறுப்பாளர்கள் யாரோ வேடிக்கை பார்க்க வந்தவர் என்று நினைத்து, 'பின்னால போய் உக்காருங்கம்மா' என்று கை காட்டிவிட்டார்கள். கூட வந்த மொழிபெயர்ப்புப் பெண் வாய் திறப்பதற்குள் மைக் மாமா ஆரம்பித்துவிட்டார், அவர் ஆரம்பித்தால் யார் நிறுத்துவது. அந்த அம்மா பேசாமல் கடைசி வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பல் டாக்டர் உட்கார்ந்த வேகத்தில் கிழிந்துபோன ஒரு உறையை நான் தைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்காமல் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, என் ஊசிப்பெட்டியிலிருந்து ஒரு ஊசியை எடுத்துக் கோத்து அவரும் தைக்க ஆரம்பித்தார்.

நூலை வெட்ட அவர் தன் பையைத் திறந்தபோது நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். ஆரஞ்சு நிறத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்த பை. ஒவ்வொரு துண்டின் நுனியும் இரண்டு மடிப்பு மடித்து, பச்சை நூலில் போய்த் திரும்பி வந்த தையல். ஆரஞ்சு நூல் தீர்ந்துபோய், ரெயின்கோட் துணியில் பச்சை நூலால் அடித்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். நீதானே கேட்டாய், 'கம்பெனி குடுக்கிற பிளாஸ்டிக் நாடா காத்துல கிழிஞ்சுடுதும்மா, மழைக்குத் தாங்குற துணியில நுனி பிரியாம தைச்சு அனுப்பு, ரோடு வர்ற இடத்துல குச்சியில கட்டணும்' என்று. பிள்ளைக்கு உதவியாக இருக்கட்டும் என்று கட்டுக் கட்டாக அனுப்பினேன். அப்புறம் இன்னும் ஒரு கட்டு வேண்டும் என்றாய், முன்பு கட்டியதையெல்லாம் மலை ஆடுகள் பிடுங்கிவிடுகின்றன என்றாய். ரெயின்கோட் துணியைத் தின்றால் வயிறு என்ன ஆகும் என்று நான் அந்த ஆடுகளுக்காகக் கவலைகூடப் பட்டேன். கண்ணு, அந்த ஆட்டை அன்றைக்கு நேரில் பார்த்தேன். அதற்கு என் வயதுதான் இருக்கும். டீக்குச் சர்க்கரை போடுவதில்லை. பிடுங்கிய நாடாவை வீணாக்காமல் பை தைத்து வைத்திருக்கிறது, தையல் என்னுடையதைவிட நேராக இருக்கிறது.

'இது நான் தைச்ச துணி, அங்க இதைக் கட்டுறவன் என் பையன்னு சொல்லும்மா' என்று மொழிபெயர்ப்புப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று அப்பா இன்றுவரை திட்டுகிறார். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார், எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டார், ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றால் பின்னால் கட்டியிருப்பானே, குச்சி அடிக்கும்போதெல்லாம் தரையிடம் மன்னிப்புக் கேட்பவன் மாதிரி முணுமுணுப்பானே, அவனா என்று. நீதான், வேறு யார், சின்ன வயதில் கரப்பான் பூச்சி அடிக்கும்போதும் அப்படித்தான் முணுமுணுப்பாய். 'இப்ப உடம்பு தேவலையா அவனுக்கு?' என்று அடுத்த கேள்வி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டு, கூட வேலை செய்தவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு முன்னாலேயே இறங்கிவிட, நீ அந்தக் குச்சிகளுக்கு நடுவில் சுருண்டு கிடந்தாய் என்பதை உன்னைப் பெற்றவள் அந்த அம்மா சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவரும் அவர் வீட்டு ஆட்களும் அவருடைய போர்வையில் உன்னைப் போட்டு, மாற்றி மாற்றிச் சுமந்து அடிவாரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். திரும்பிப் போய்க் குச்சிகளைப் பிடுங்கியிருக்கிறார்கள். 'தூக்கினதும் நாங்கதான், பிடுங்கினதும் நாங்கதான், சொல்றப்போ ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க' என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மைக் மாமா தன் பேச்சுக்குத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு குரலை இன்னும் உருக்கமாக்கினார்.

ஒரு வழியாக விருந்தாளி யாரென்று தெரிந்தபோது மேடையில் எல்லோரும் பதறி எழுந்தார்கள், எழுந்தார்களே தவிர, இன்னொருவர் நாற்காலியைத் தரட்டும் என்று அவரவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மா நின்றபடியே கொஞ்ச நேரம்தான் பேசினார். காலையில் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போயிருக்கிறார். ஒரு வரைபடத்தைக் காட்டினார்களாம், அவர்கள் ஊர் இருக்கிற இடம் அதில் வெள்ளையாக இருந்ததாம். 'எங்க ஆளே நேர்ல போய் அளந்துட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத நிலம்னு எழுதிக் குடுத்திருக்காரு' என்று சொன்னார்களாம், அந்த நிலத்து ஆளையே எதிரில் நிற்க வைத்துக்கொண்டு. அடுத்த மாதம் அங்கே அரசாங்கம் விசாரணை வைக்கிறது. ஆள் இல்லை என்று அதில் முடிவானால் அவர்கள் தண்ணீர் எடுக்கிற ஊற்றும், பெரியவர்களைப் புதைத்த இடமும், வீடுகளும் எல்லாம் போய்விடும். அவர் பேசி முடித்ததும் மைக் மாமா, பெயர் தெரியாத அந்த அளவையாளரை வன்மையாகக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். வழக்கம் போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குச்சி அடித்து அளந்த அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியும், முதலில் கை தூக்கியது நான்.

நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். மேலே இருப்பவர்கள் எழுதச் சொன்னதை எழுதியிருப்பாய், வேலை போய்விடுமே என்று பயந்திருப்பாய். எனக்கும் பயம்தான், ராத்திரி தூக்கம் சரியாக வருவதில்லை. ஆனாலும் ஆள் இல்லாத மலையில் உன்னைச் சுமந்துகொண்டு போனது யார் என்று மட்டும் எனக்கு விளக்கிச் சொல். விளக்க முடியாது என்றால், அந்த விசாரணைக்கு நீயே போய், நான் எழுதியது தப்பு, அங்கே ஜனங்கள் இருக்கிறார்கள், நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிடு. வேலை போனால் வா. கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க ஆள் இல்லாமல் திண்டாடுகிறேன். அப்பா முதலில் இந்தக் கடிதத்தைப் போடவே கூடாது என்றார். பிறகு வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, 'காய்ச்சலை மறைச்சதுக்கு இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துத் திட்டு' என்று சொல்லிவிட்டு, தபால் ஆபீசுக்குத் தானே எடுத்துக்கொண்டு போவதாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

நீ கேட்ட நாடா இந்தப் பார்சலில் இல்லை. வெட்டி வைத்திருந்ததையும் மிச்சத் துணியையும் அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டேன், பைக்குப் பிடி வைக்கத் துணி போதவில்லை என்றார். உனக்குக் காய்ச்சல் மாத்திரையும், தங்கை வாங்கிய கம்பளிச் சட்டையும், துணி துவைக்கிற சோப்பும் வைத்திருக்கிறேன். நீ நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், உன்னைச் சுமந்த கைகளும் அந்த மண்ணிலேயே நீண்ட நாள் இருக்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

சோப்பு எதற்கு என்று யோசிக்காதே. ஆஸ்பத்திரியில் உன்னோடு விட்டுவந்த அந்தப் போர்வை இன்னும் உன் கூடாரத்தில்தான் கிடக்கிறதாம், அவரிடம் இருந்த தடித்த போர்வை அது ஒன்றுதானாம். குளிர் வருவதற்குள் துவைத்து, வெயிலில் காயவைத்து மடித்து, யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீயே மேலே ஏறிப்போய்க் கையில் கொடு. யாரிடம் கொடுப்பது, அங்கேதான் ஆளே இல்லையே என்று மட்டும் எனக்குப் பதில் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உனக்கு எதிராக முதலில் கை தூக்கிய
உன் அம்மா