ஈரப் புகையிலைக்குச் சர்க்கார் காவல்

மயிலாப்பூர்,
1944 ஜூலை

அன்பு மகன் உமர் ஃபாரூக்குக்கு அத்தா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையில் நானும் உன் அம்மாவும் சுகம். டில்லி வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் அவளுடைய கவலை.

யுத்தச் செலவுக்கு வரி வேண்டாமா, வாங்கிய பணம் எப்படியும் ஜனங்களுக்கே திரும்பி வருகிறது என்று உன் வரி ஆபீஸிலிருந்து எனக்குப் பாடம் எழுதியிருக்கிறாய். வந்ததப்பா, வந்தது. நம் பீடிப் பட்டறை வாசலில் நாகராஜ் என்ற பியூனாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பீடித் தூளுக்குத் தண்ணீர் தெளித்துப் பதமாக்கித்தான் சுற்றவேண்டும், இல்லாவிட்டால் இலையில் நிற்காது, இது உனக்குத் தெரியும். மறுநாள் ஜும்ஆ தொழுகை, வேலை முந்தட்டும் என்று போன வியாழக்கிழமை காலையிலேயே எல்லா மூட்டைக்கும் தெளித்துவிட்டேன். அன்று பார்த்து வரி இன்ஸ்பெக்டர் வந்து தராசில் ஏற்றினார். வரி கட்டிய ரசீதைவிட எடை கூடுதலாம், கூடியதெல்லாம் வரி கட்டாத திருட்டுப் புகையிலையாம். கையால் தொட்டுப் பாருங்கள், தண்ணீர் சார் என்றேன். சட்டத்தில் தண்ணீர் இல்லை என்று சொல்லிப் பட்டறைக்கே சீல் வைத்துவிட்டுப் போனார். தெருக் குழாயில் வரும் தண்ணீருக்குப் புகையிலை வரி கேட்கும் மூளை உங்கள் சர்க்காருக்குத்தான் உண்டு. உள்ளே ஈரத் தூள் பூஞ்சை பிடித்து நாறுகிறது, அந்த நாற்றத்துக்கு மாதச் சம்பளத்தில் ஒரு காவல்! அந்தக் காவல்காரனும் என்னிடம், "இன்னா பாய், ஒரு பீடி கீதா?" என்று கேட்கிறான். பாவம், உன் அம்மா அவனுக்கு டீ கொடுக்கிறாள்.

பீடி சுற்றும் பெண்களுக்கு வேலை போயிற்று. குண்டு விழும் என்று தெருவில் தோண்டிய குழிகளை இப்போது மூடுகிறார்கள், தோண்டவும் நம் காசு, மூடவும் நம் காசு. நிழலில் உட்கார்ந்தே பழகிய ஜைதூன் பீ அங்கே வெயிலில் மண் சுமக்கிறாள்.

உன் கடிதம் வந்த அன்று, பட்டறை திறக்குமா என்று கேட்க அந்தப் பெண்கள் நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். உன் அம்மா வழக்கம்போல் கடிதத்தை ஜைதூன் பீயின் மகள் ஜஹனாராவிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். இந்த வருஷம் புகையிலை வரி எதிர்பார்த்ததைவிட அதிகம் வசூலாகிவிட்டது, அந்தக் கணக்கைச் சரியாக எழுதியதற்குத் துரை உன்னைப் பாராட்டினார் என்ற இடத்தில் அவள் குரல் இறங்கிவிட்டது. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜைதூன் பீதான் எழுந்து, "தம்பி நல்லா இருக்கட்டும்மா, அது இன்னா பண்ணும்" என்று கையேந்தி உனக்காக துஆ செய்துவிட்டுப் போனாள்.

உன் துரையிடம் சிபாரிசுக்குப் போகாதே. இனி வசூல் கூடிய சந்தோஷத்தைக் கடிதத்தில் எழுதாதே. உனக்காக துஆ கேட்டுக் கையேந்த எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அதுவரை ஜைதூன் பீயின் துஆ உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தா
கரீமுல்லா