குடிலுக்குப் போன விளக்கு

டிசம்பர் 23, செவ்வாய்

அம்மா வீட்டிலிருந்து சாயங்காலம் வந்ததும் நேராக ஸ்டோர் ரூமுக்குத்தான் போனேன். குடைமிளகாய் நாற்றுகளுக்கு மேலே தொங்கிய எல்.இ.டி. விளக்கைக் காணோம். கொக்கி மட்டும் இருந்தது. நாற்றெல்லாம் வெளுத்து, நூலாக நீண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தது.

வெயில் எட்டாத அந்த அறைக்கென்றே நான் செய்த விளக்கு அது. அலுமினியச் சட்டத்தில் சிவப்பும் நீலமுமாக ஒவ்வொரு பல்பையும் சால்டரிங் செய்தது நான். விரலில் சூடு பட்ட புண் இன்னும் ஆறவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார், அவ்வளவுதான்.

கேட்டதற்கு, "கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கொண்டு போனேன். நாலு நாளு வெளிச்சம் இல்லேன்னா செடி செத்தா போவும்?" என்றார்.

குடில் போட்டி பார்க்க என்னையும் கூட்டிப்போனார். வைக்கோலில் கிடந்த பாலன் இயேசுமேல் என் விளக்கு ஊதாவாக எரிந்தது. ஃபாதருக்கு ஒரே சந்தோஷம்.

"திருவருகைக் காலத்துக்க நிறமுல்லா இது! ஆரு செஞ்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"நானாக்கும் ஃபாதர். இவ டார்ச் பிடிச்சா."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இப்போது பக்கத்தில் குறட்டை விடுகிறார். நாற்று போனால் போகட்டும், மறுபடி விதை போடலாம். அந்த டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.