வெள்ளி டம்ளரின் கறுப்பு

திருத்தணி
சுபானு வருஷம், ஆனி 20

சிரஞ்சீவி பக்தவச்சலத்துக்கு அம்மா எழுதுவது. கராச்சியில் ராணுவ ஸ்டோர் வேலையும் உன் உடம்பும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு மலேரியா விட்டுவிட்டது. யுத்தத்தில் கொய்னா மருந்து கிடைப்பதே அரிது. டாக்டர் ஆதிகேசவன் எப்படியோ வரவழைத்தார். காலில் கொஞ்சம் பலம் ஏறி வருகிறது.

எழுத உட்கார்ந்த விஷயம் வேறு. உன் மனைவி கோமளவல்லி எனக்குப் பால் தரும் வெள்ளி டம்ளர், மறுநாள் காலையில் உள்ளே கறுத்துக் கிடக்கிறது. விபூதி போட்டுத் துலக்கினாலும் மீண்டும் கறுக்கிறது. போதாததற்கு, இப்போதெல்லாம் பாலில் ஏலக்காயை அள்ளிப் போடுகிறாள். எந்த வாசனையை மறைக்க?

பாத்திரம் தேய்க்கும் பூவம்மாள், "விசம் பட்டாத்தாங்க வெள்ளி இப்படிக் கறுக்கும் பெரியம்மா. சின்னம்மா எதுனா கலந்துகினு இருக்காங்களோ என்னவோ" என்றாள். அதட்டி அனுப்பினேன். ஆனால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

வெள்ளி தானாகக் கறுப்பதில்லை. இரண்டு வெள்ளி அணுக்களோடு ஒரு கந்தக அணு கூடினால்தான் அந்தக் கறுப்பு. இது சேர்க்கை வினை. சமன்பாட்டில் இடப்பக்கம் இல்லாதது வலப்பக்கம் வராது என்று கான்வென்ட்டில் சிஸ்டர் ஆக்னஸ் மணிக்கட்டில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார். அப்படியானால் என் பாலுக்குக் கந்தகம் எங்கிருந்து வந்தது? நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அரிதாரம் என்ற மஞ்சள் விஷக்கல்லில் கந்தகமும் பாஷாணமும் கூடியே இருக்கின்றன.

இன்னொரு வகை வினையும் உண்டு. வலுவுள்ளது வலுவற்றதை வெளியே தள்ளி, அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். காய்ச்சலில் நான் கிடந்தபோது சாவிக்கொத்து அவள் இடுப்புக்குப் போயிற்று. இன்னும் திரும்பவில்லை.

பள்ளிப்பட்டில் அவள் நைனா வீட்டுக்கே போய்விடும்படி நீயே அவளுக்கு எழுதிவிடு. புருஷன் வாக்கை அவள் மறுக்கமாட்டாள். உன்னை முருகன் காப்பான்.

அன்புள்ள அம்மா,
கௌரியம்மாள்


திருத்தணி
ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்

சிரஞ்சீவி பக்தவச்சலத்துக்கு,

முன் கடிதம் போட்ட நாளிலிருந்து பாலை யாரும் பார்க்காமல் வாழைக்கு ஊற்றினேன். டம்ளரை நானே கழுவினேன். நேற்று மலை ஏறப் போனவள் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கால் பழையபடி நடுங்கிற்று. காவடிக் கூட்டம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் பாஷாணம் இருந்தால் வலப்பக்கமும் அது வந்தாக வேண்டும்: வாந்தி, வயிற்று வலி, முடி உதிர்வு. எனக்கோ குடித்தபோது பலம் வந்தது, நிறுத்தியதும் போயிற்று. என் சமன்பாடு தப்பு. அப்படியும் சந்தேகம் விடவில்லை. கந்தகம் வந்தது வந்ததுதானே?

வீட்டுக்கு வந்து கொல்லையில் சாம்பல் குழியைக் கிளறினேன். முட்டை ஓடுகள். முட்டையில் கந்தகம் உண்டு.

காய்ச்சல் விட்டதும் டாக்டர் முட்டை சாப்பிடச் சொன்னார். உயிர் போனாலும் அந்தப் பண்டம் இந்தச் சைவ வீட்டு வாசலைத் தாண்டாது என்று நான் சொன்னபோது கோமளவல்லி கதவோரம் நின்றிருந்தாள். என்னைக் கேட்காமல் அதைப் பாலில் கலந்து என் ஆசாரத்தில் கை வைத்திருக்கிறாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அவளிடம் இனிமேல் பாலைக் கண்ணாடி டம்ளரில் கொண்டு வா என்று மட்டும் சொன்னேன். "கண்ணாடியில சூடா ஊத்துனா விரிசல் வுட்டுபூடுமே அத்தே" என்றாள். விரிசல் விட்டால் விடட்டும், கறுக்காது என்றேன். அவள் தலை நிமிரவில்லை. நான் முழுதும் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தேன். முருகனுக்குப் பதில் சொல்வது என் பாடு.

முன் கடிதத்தைக் கிழித்துப் போடு. நீ ஏற்கெனவே அவளுக்கு எழுதிவிட்டிருந்தால் எனக்குத் தந்தி கொடு. அவள் பேருக்கு வரும் தபாலையும் என்னிடமே தரும்படி தபால்காரர் ஆறுமுகத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன். பிறர் கடிதத்தைத் தொடுவது ஈனம் என்று உனக்குச் சொல்லி வளர்த்தவள் நான். என்னை அதற்கு ஆளாக்காதே.

லீவு கேட்டு வா. அவளும் இளைத்திருக்கிறாள். உங்கள் இருவரையும் தணிகை முருகன் ஒரே கூரையின் கீழ் வைக்கட்டும்.

அம்மா