தூணுக்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

ஒசாகாவுக்கு முதன்முறை வருவதாக எழுதியிருந்தாய். ரயில் நிலையத்தின் நகரும் படிக்கட்டில் வலப்பக்கம் நில். டோக்கியோ மாதிரி இடப்பக்கம் நிற்காதே. உன் அம்மா என்னைத் தேடி வந்தபோது அப்படித்தான் நின்றாள். பின்னால் வந்தவர், "ஏம்மா, ஊருக்குப் புதுசா? அந்தப் பக்கம் ஒதுங்குங்க, எங்களுக்கு அவசரம் இருக்காதா?" என்றார். அவள் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அவள் முதுகில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

வாசல் மாறி நின்றுவிட்டதாகப் பிறகு அவளுக்கு எழுதினேன். மாறவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இம்முறை அதே தூணுக்கு முன்னால் நிற்பேன். பார்த்ததும் பிடிக்கவில்லையென்றால் திரும்பிப் போய்விடு. வாசல் மாறிவிட்டது என்று ஒரு வரி எழுது, போதும். நான் நம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
அப்பா என்று எழுதக் கை வராதவன்